மொட்டைக்கழுத்துச் சேவலின் சம்பந்தி

உலகத்தில் எதையாவது காப்பாற்றியே தீருவேன் என்று ஒருவன் கிளம்பினால், முதலில் அவன் வீட்டில் இருப்பவர்களைத்தான் யாராவது காப்பாற்ற வேண்டும். ஆமையைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள், பனைமரத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள், தமிழைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் என்று இந்தக் கடற்கரைச் சாலையில் நான் பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே முகம்தான். தாடையைக் கொஞ்சம் தூக்கி, தூரத்தில் எதையோ பார்த்தபடி, பக்கத்தில் நிற்கிறவன் காலை மிதித்துக்கொண்டு போவார்கள். நான் கோழியைக் காப்பாற்றக் கிளம்பினேன். அந்தச் சமயத்தில் என் மனைவி நஸ்ரீன் செல்போனில் எடுத்த படம் ஒன்று இன்னும் இருக்கிறது. கையில் சேவலோடு நிற்கிறேன். இரண்டு பேரில் யாருக்கு அறிவு அதிகம் என்று படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். (சேவலுக்குத்தான்.)

அப்போதுதான் சவூதியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு மரக்காணத்துக்கே திரும்பி வந்திருந்தேன். வளைகுடாவிலிருந்து திரும்பியவனுக்கு ஊரில் மரியாதை, கொண்டுவந்த சென்ட் பாட்டில் தீரும்வரைதான். என்னுடையது சின்ன பாட்டில். அது தீர்ந்த வாரமே நஸ்ரீனின் அண்ணன் மஜீத் மச்சான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கடைத்தெருவில் பிராய்லர் கறிக்கடை வைத்திருப்பவர்.

"எதுக்கு மாப்ள சும்மா வூட்ல குந்திக்கினு இருக்குற? கடைக்கு வந்துடு. கத்தி புடிக்கக் கத்துக் குடுக்கறேன்" என்றார்.

எனக்கு அந்தக் கடையை நினைத்தாலே குமட்டும். வெந்நீர், ஈர இறகு, கட்டையில் கத்தி விழும் சத்தம். நானோ ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டில் டை கட்டி நின்றவன். (டை முதலாளியுடையது. கிளம்பும்போது கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.) ஆகவே, "நான் வேற ப்ளான் வச்சிருக்கேன் மச்சான்" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு ப்ளானும் கிடையாது. அன்று சாயங்காலம் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தபோது அதுவாக வந்து மாட்டியது.

அருகிவரும் கோழி இனங்களைக் காப்பதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. உறுப்பினர்கள் எல்லோருடைய படத்திலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேவல் இருந்தது. குழுவின் தலைவர் பொம்மையார்பாளையத்தில் பெரிய வீடு கட்டிக்கொண்டு ஓய்வில் இருப்பவர். யாரையும் "நண்பரே" என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் நண்பரேதான். குழுவின் ஏற்பாடு எளிமையானது. நாம் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் தருவார்கள். கலப்பில்லாமல் குஞ்சு பொரிக்க வைத்து, பாதியைக் குழுவுக்குத் திருப்பித் தர வேண்டும். கலப்பு நடந்துவிட்டால் பறவைகளைப் பிடுங்கிக்கொள்வார்கள், நம்மையும் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு கோழியில ரெண்டே ஜாதிதான் மாப்ள. உரிச்சது, உரிக்காதது. சரி, ஆசப்படுற, பண்ணு. குஞ்சு பொரிச்சு, அந்த க்ரூப்காரங்க வந்து பாத்து, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நான் அப்பறம் வாயத் தொறக்க மாட்டேன். சொல்லலன்னா?"

"சொல்லலன்னா மறுநாள் காலையில கடைக்கு வர்றேன்" என்றேன். தாடையைத் தூக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

இனத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நஸ்ரீன் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளி அவளுக்குக் காட்டினேன். கருங்கோழி வந்தது. தள்ளினேன், ஏனென்றால் அது பேக்கரிக்காரர் வீட்டில்கூட இருந்தது. சிறுவிடை வந்தது. அதுதான் தெருவெல்லாம் மேய்கிறதே, அதைக் காப்பாற்ற நான் எதற்கு? அடுத்து மொட்டைக்கழுத்துக் கோழி வந்தது. கழுத்தில் ஒரு இறகு கிடையாது, சிவப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது நல்லாருக்குதே. கழுத்துல காத்துப் படும். நம்ம ஊரு வெயிலுக்கு இதுதான் தாங்கும்" என்றாள் நஸ்ரீன்.

"ச்சீ, பாதி உரிச்ச மாதிரி இருக்குது. உங்கண்ணன் கடைக்குத்தான் லாயக்கு" என்றேன்.

இதே சாதிச் சேவல் ஒன்று எதிர்வீட்டு மேரி அக்காவிடம் இருந்தது. எப்போதோ வானூர்ச் சந்தையில் பிடித்து வந்தது. பெயர் துரை. துரையை நான் காலையில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அரிய இனம் என்றால் அதற்கு ஓர் அழகு வேண்டாமா? எனக்கு அந்த வயதில் அரிது என்றால் அழகு, அழகு என்றால் நான் என்று ஒரு கணக்கு இருந்தது.

கடைசியில் வந்தது பூக்கொண்டை. மலைப் பக்கத்துக் கோழியாம். தலையில் இறகுப் பந்து, அது சரிந்து முகத்தையே மூடியிருந்தது. தொடையிலிருந்து விரல் நுனிவரை கால் முழுக்க இறகு. படத்தின் கீழே தலைவர் எழுதியிருந்தார், இதை வளர்க்க யாருமே முன்வருவதில்லை என்று. புத்தியுள்ளவன், ஏன் முன்வரவில்லை என்று கேட்டிருப்பான். நான் உடனே கையைத் தூக்கினேன்.

"அதுக்குக் கண்ணு எங்கங்க இருக்குது?" என்று நஸ்ரீன் கேட்டாள். அது பரம்பரை அம்சம் என்று பதில் சொன்னேன்.

எங்கள் தெரு முடியும் இடத்தில் உப்பளம் தொடங்கிவிடும். பாத்திகளும் வரப்புகளும் ஓடையுமாக, கால் வைத்தால் உப்புச்சேறு. மலையில் பனி தாங்குவதற்கென்று படைத்தவன் கொடுத்த இறகுக்காலை நான் கொண்டுவந்து இந்தச் சேற்றில் இறக்கிவிட்டேன். வந்த முதல் வாரமே மூன்றும் கொல்லை வேலிச் சந்து வழியாக வரப்பில் போய் உலாத்திவிட்டு வந்தன. வெயிலில் உப்பு காய்ந்து, கால் இறகு விறைத்து, ஒவ்வொரு கோழியும் இரண்டு விளக்குமாற்றை மாட்டிக்கொண்டு நடந்தது. சரக், சரக் என்று சத்தம் வேறு. தினமும் மூன்று கோழிக்குக் கால் கழுவி, ஷாம்பு போட்டு, ஹேர் டிரையரில் காய வைத்தேன். (நஸ்ரீனுக்கென்று சவூதியிலிருந்து வாங்கி வந்த டிரையர். அவள் தலையில் அது ஒரு நாள்கூடப் படவில்லை.) அதுவும் போதாமல் குழந்தைகளுக்குப் போடும் சாக்ஸ் வாங்கி மாட்டிவிட்டேன்.

மேரி அக்கா வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்பா சலீமு, அப்படியே டை கட்டி ஸ்கூல் வேன்ல ஏத்தி உட்டுடேன்" என்றார்.

சேவலின் கதை இதைவிட மோசம். கொண்டை முகத்தை மூடியிருந்ததால் அதற்கு ஒன்றும் தெரியாது. காலையில் கூண்டைத் திறந்தால் நேராக நடக்கும், சுவர் வந்ததும் நிற்கும், சாயங்காலம்வரை சுவரைப் பார்த்தபடியே நிற்கும். அதன் இரண்டு பெண்டாட்டிகளும் பின்னால் மேய்ந்துகொண்டிருக்கும் விஷயமே அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கண் மறைக்கிற இறகைக் கொஞ்சம் வெட்டலாமா என்று குழுவில் கேட்டேன். கொண்டை முழுமையாக இருப்பதே இந்த இனத்தின் இலக்கணம், அதில் கத்தரி படக் கூடாது நண்பரே என்று தலைவர் பதில் போட்டார். கீழே முப்பது பேர் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

இதற்கிடையில் துரை தினமும் எங்கள் சுவரைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் போடும் கம்பையும் கேழ்வரகையும் திருட வருகிறது என்று நினைத்தேன். துடைப்பத்தை எடுத்து விரட்டுவேன். சுவர்மேல் ஏறி நின்று அந்தச் சிவந்த கழுத்தை நீட்டி என்னை ஒரு பார்வை பார்க்கும். மாமனார் வீட்டில் நிற்கிற மாப்பிள்ளைக்கு உள்ள தோரணை அது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

பெட்டைகள் முட்டையிட்டன. ஆனால் அடை உட்காரத் தெரியவில்லை. பரம்பரைப் பெருமையில் அது விட்டுப்போயிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் அடைக்கோழி இருக்கிறதோ அங்கே முட்டையை வைக்கலாம், குஞ்சில் பாதி அவர்களுக்கு. மேரி அக்கா வீட்டில் ஒரு சாம்பல் பெட்டை அப்போது அடைக்குக் கத்திக்கொண்டிருந்தது. முட்டைகளைத் துணியில் சுற்றி, ரத்தினக் கற்களைப் போல ஏந்திக்கொண்டு போனேன்.

"மேரிக்கா, சாதாரண முட்ட இல்ல, பாத்துக்கங்க. இடி இடிச்சாகூடக் கெட்டுடும்."

"எங்க கோழி எவ்ளோ முட்டயப் பாத்திருக்குது. போப்பா" என்றபடி அவர் கூடையில் வைக்கோலோடு ஒரு இரும்பாணியையும் காய்ந்த மிளகாயையும் போட்டு முட்டைகளை வைத்தார். இடிக்கு அதுதான் காப்பு. தலைவரின் இலக்கணத்தில் மிளகாய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து முட்டைக்குப் பின்னால் செல்போன் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தோம். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் எனக்கே தாங்கவில்லை. குழுவில் படம் போட்டேன். மலர்களும் கைத்தட்டல்களும் கொட்டின. குஞ்சு வெளிவரும் நாளில் நானே நேரில் வருகிறேன் நண்பரே என்றார் தலைவர். மச்சான் கடைக்குப் போய், பத்து வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, "கத்திய வேற யாருக்காச்சும் குடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நஸ்ரீனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏங்க, நம்ம சேவல்தான் செவுத்தவிட்டு இந்தப் பக்கம் திரும்புறதே இல்லியே. அப்பறம் எப்படிங்க?"

"நல்ல ரத்தத்துக்கு அதெல்லாம் தானா தெரியும்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயில் நான் இன்றைக்கும் சோறு தின்கிறேன் என்பது ஆச்சரியம்தான்.

தலைவர் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் நான் புதுச்சேரிக்குத் தீவனம் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சேவல் சுவரோரம் இல்லை. முற்றத்தில் நடுவில் நின்றுகொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்கொண்டை ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. நஸ்ரீன் கையில் கத்தரிக்கோல்.

"என்னா பண்ணிட்ட?"

"மூஞ்சி செவுத்துல முட்டி முட்டிக் காயமாயிடுச்சுங்க. அல்லா படச்ச கண்ண மறச்சு வெச்சுட்டு அது என்னா அழகு? பாவம், வாயில்லா ஜீவன்."

நான் கத்தினேன். இலக்கணம் போயிற்று, இனம் போயிற்று, என் பெயர் போயிற்று என்று கத்தினேன். சேவல் என்னைப் பொருட்படுத்தவில்லை. அதற்கு அன்றுதான் உலகம் தெரிந்திருக்கிறது. முதலில் உப்பளத்தைப் பார்த்தது. பிறகு தன் அரிய பெண்டாட்டிகள் இருவரையும் பார்த்தது. அவர்களோ இறகுப் பந்துக்குள்ளிருந்து எதையும் பார்க்கவில்லை. பிறகு எதிர்வீட்டில் மேரி அக்காவின் பெட்டைகள் ஏழெட்டு, குப்பையைக் கிளறிக்கொண்டு கலகலவென்று இருந்ததைப் பார்த்தது. சரக் சரக்கென்று தெருவைக் கடந்து போய்விட்டது. போனது போனதுதான். தினமும் தூக்கிக்கொண்டு வருவேன், சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி போய்விடும். எங்கள் தெரு சலித்ததும் அடுத்த தெருவுக்கும் போய்வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

குஞ்சு வெளிவரும் நாள் வந்தது. தலைவர் காரில் வந்தார், உடன் குழுவிலிருந்து இருவர். ஒருவர் கழுத்தில் கேமரா. மச்சான் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து மேரி அக்கா வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விஷயம் பரவித் தெருவே கூடிவிட்டது. நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பேச வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அதில் 'எதிர்காலத் தலைமுறை' இரண்டு இடத்தில் வரும்.

"நண்பரே, சேவலை முதலில் பார்த்துவிடலாமா?" என்றார் தலைவர்.

சேவல் அந்த நேரத்தில் மேரி அக்காவின் கொல்லையில், சுற்றிலும் பெட்டைகளோடு மண் குளித்துக்கொண்டிருந்தது. தூக்கி வந்து காட்டினேன். தலைவர் அதன் நெற்றியில் விரலை வைத்துத் தடவினார்.

"முடி வெட்டியது யார்?"

"நான்தாங்க. இப்ப நல்லா கண்ணு தெரியுது பாருங்க" என்றாள் நஸ்ரீன், அவருக்கு அது நல்ல செய்தி என்று நினைத்து.

தலைவர் மூச்சை இழுத்து விட்டார். "கொண்டை வளர்ந்துவிடும். பரவாயில்லை. குஞ்சுகள் தூய்மையாக இருந்தால் போதும்."

எனக்கு உயிர் வந்தது. மச்சானைப் பார்த்து லேசாகச் சிரித்தேன். மேரி அக்கா சாம்பல் பெட்டையைத் தூக்கிக் கூடையைச் சாய்த்தார். கேமராக்காரர் குனிந்தார். ஒரு குஞ்சு தத்தித் தத்தி வெளியே வந்தது.

தலையில் சின்னதாகக் கொண்டை இருந்தது. காலில் மெல்லிய இறகும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கழுத்து மட்டும் மொழுமொழுவென்று சிவப்பாக, ஒரு முடிகூட இல்லாமல் இருந்தது. இரண்டாவது வந்தது. அதற்கும் கழுத்து மொட்டை. மூன்றாவதுக்கும் அப்படியே. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தன.

கேமராக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். அந்த நேரம் பார்த்துத்தானா துரை வர வேண்டும்? எங்கள் வீட்டுச் சுவரின் மேல், வழக்கமான இடத்தில் ஏறி நின்று, மொட்டைக்கழுத்தை முழுசாக நீட்டி ஒரு கூவல் கூவியது. கூட்டம் அதைப் பார்த்தது. குஞ்சைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"இதுங்களுக்கு அப்பன் எங்க வூட்டு ஆளுதான்" என்றார் மேரி அக்கா. குரலில் அப்படி ஒரு பெருமை. "ஒங்க வூட்டு ஆம்பள எங்க வூட்ல. எங்க வூட்டு ஆம்பள ஒங்க வூட்ல. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தாச்சு. அப்பறம் என்னா சம்மந்தி, உள்ள வாங்க, டீ சாப்புட்டுப் போலாம்."

தெரு குலுங்கிச் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "இது பாதுகாப்பு அல்ல நண்பரே, படுகொலை" என்றார். மூன்று பறவைகளையும் கூண்டில் ஏற்றச் சொன்னார். பெட்டைகள் இரண்டும் சாக்ஸோடு அடக்கமாக ஏறிக்கொண்டன. சேவல்தான் கேமராக்காரர் கையைக் கொத்திவிட்டுத் தெருவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அது ஓடிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெட்டைகள் குரல் கொடுத்தன. அதைப் பிடித்து ஏற்றிக் கார் திரும்பும்போது என் செல்போன் சிணுங்கியது. குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். கார் எங்கள் தெருவைத் தாண்டுமுன்பே தலைவர் அந்த வேலையை முடித்துவிட்டார்.

வழக்கப்படி குஞ்சில் பாதி என்னுடையது. மேரி அக்கா எண்ணப் போனார். வேண்டாம், எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோழிக்காக இல்லை, எனக்காகத்தான். கூட்டம் கலைந்த பிறகு மச்சான் வந்து தோளில் கை போட்டார். அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் பரவாயில்லை.

"காலையில சீக்கிரமா வந்துடு மாப்ள. வெள்ளச் சட்ட வேணாம், கற போவாது" என்றார்.

போனேன். இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பிஸ்மில்லா சொல்லி அறுத்து, சுத்தம் செய்து, பை கட்டிக் கொடுக்கிறேன். இனம் காக்கப் போனவன் கையில் ஒரு நாளைக்கு எத்தனை போகிறது என்று நான் யோசிப்பதில்லை. முதல் நாள் கடையில் என்னைப் பார்த்த எங்கள் தெருக்காரர் ஒருவர், "சம்மந்தி, ஒரு கிலோ தோல் உரிச்சு" என்றார். அதோடு சலீம் என்ற பெயர் எனக்கு இல்லாமல் போயிற்று. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும்போதும் சம்பந்திதான். மேரி அக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் வரும்போதும் "சம்மந்தி வூட்டு சீர்" என்று சொல்லித்தான் கொடுத்து அனுப்புவார்.

இன்றைக்கு உப்பளத்து வரப்பில் நின்று பார்த்தால் எங்கள் பக்கத்துக் கோழிகளில் பாதிக்குத் தலையில் கொண்டை. அந்தச் சேவல் இருந்த கொஞ்ச நாளில் அவ்வளவு பாடுபட்டிருக்கிறது. சிலதற்குக் கொண்டையும் மொட்டைக்கழுத்தும் சேர்ந்தே இருக்கும். கண்ணை மறைக்காத அளவுக்குக் கொண்டை, காற்றோட்டமாகக் கழுத்து, சேறு ஒட்டாத வெறும் கால். வெயிலும் தாங்குகிறது, தானே அடையும் உட்காருகிறது.

போன மாதம் கடையில் கை நிறையக் கறியோடு நிற்கும்போது வாடிக்கையாளர் ஒருவர் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதே தலைவரின் அதே குழு. மேரி அக்கா வீட்டுப் பெட்டை ஒன்றின் படத்தை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கீழே தலைவர் எழுதியிருந்தார்: 'மரக்காணம் உப்பளப் பகுதியில் மட்டும் காணப்படும் மிக அரிய இனம். தூய்மை கெடாமல் காக்க ஆர்வமுள்ள நண்பர்கள் தேவை.'

கத்தியைக் கழுவிப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நஸ்ரீன் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நஸ்ரீன், பாத்தியா? அது நாம உண்டாக்குன இனம். நம்ம பேர்ல இருக்க வேண்டியது. நான் மட்டும் இப்ப மறுபடியும் குழுவுல சேந்து, ஒரு பெரிய கூண்டா கட்டி..."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தாடை தூக்கியிருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் எந்தப் பெரிய யோசனையைச் சொல்லத் தொடங்கினாலும் செய்வதைத்தான் அன்றும் செய்தாள். மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள், அலமாரியைத் திறந்தாள், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"முன்முடி கண்ண மறைக்குது போலங்க. குந்துங்க, கொஞ்சம் வெட்டி உடுறேன்."